அம்மா நேர்ந்துவிட்ட பிள்ளைகள்

பாதிரியாராகப் படிக்கப்போன அண்ணன் குருமடத்திலிருந்து வந்து இறங்கிய மத்தியானம் எனக்கு இன்னும் அப்படியே நினைவிருக்கிறது. ஏப்ரல் வெயில். ஹைதராபாத் போலாரத்தில் எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. முதலில் ஒரு பச்சைத் தகரப் பெட்டி இறங்கியது. அதன் மூடியில் வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருந்த அவன் பெயருக்கு முன்னால் 'பிரதர்' என்று இருந்தது. பிறகு அண்ணன் இறங்கினான். அங்கி இல்லை. கட்டம் போட்ட அரைக்கைச் சட்டை, நாலு நாள் தாடி. நான் ஜன்னலோரம் உட்கார்ந்து புள்ளியியல் படித்துக்கொண்டிருந்தேன். அம்மா வாசலுக்குப் போய் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "லீவா?" என்று கேட்டாள். "இல்லம்மா, வந்துட்டேன்" என்றான். அவ்வளவிலேயே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அழவில்லை, திட்டவில்லை. உள்ளே போய் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் குடித்து முடிக்கும்வரை நின்று செம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, "ஏட்டி, உனக்குப் பரீட்ச எப்பம் முடியுது?" என்று கேட்டாள்.

மாதக் கடைசியில் என்று சொன்னேன். மகன் வந்த அதிர்ச்சியில் எதையாவது கேட்கவேண்டும் என்று கேட்கிறாள் என நினைத்துக்கொண்டு மறுபடி புத்தகத்துக்குள் தலையைக் கவிழ்த்தேன். என் அம்மாவிடம் எனக்கு இருக்கும் முதல் குறை இதுதான். அவள் கேட்கும் கேள்வி ஒன்றாக இருக்கும், அவள் மனதில் முடிவாகிவிட்ட விஷயம் வேறொன்றாக இருக்கும். நமக்குத் தெரியவரும்போது அவள் பாதி தூரம் போயிருப்பாள்.

இதைப் புரிந்துகொள்ள அண்ணனுக்கு மூன்று வயதில் வந்த காய்ச்சலைச் சொல்ல வேண்டும். நான் அப்போது பிறக்கவில்லை. ஆனால் நூறு தடவைக்கு மேல் கேட்டிருப்பதால் நானே பக்கத்தில் நின்று பார்த்ததுபோல் இருக்கும். அப்பாவுக்கு ராணுவத் தொழிற்கூடத்தில் சிவிலியன் வேலை. தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊரிலிருந்து கல்யாணமான கையோடு இங்கே வந்துவிட்டார்கள். அம்மாவுக்குத் தெலுங்கும் தெரியாது, இந்தியும் தெரியாது. பிள்ளைக்கு மூளைக்காய்ச்சல் என்று டாக்டர் சொன்னதை அப்பா மொழிபெயர்த்துச் சொன்னாராம். பல நாள் அவன் கண் திறக்கவில்லை. அம்மா ஆஸ்பத்திரி வராந்தாவில் முழங்காலில் நின்று, எங்கள் ஊர் மாதாவிடம், "இவனப் பொழைக்க வெச்சுத் தா. நான் இவன உனக்கே தந்துடுதேன். சாமியாராக்கி அனுப்புதேன்" என்று நேர்ந்துகொண்டாள். மறுநாள் அவன் கண் திறந்து பிஸ்கட் கேட்டான்.

அதற்குப் பிறகு அண்ணன் எங்கள் வீட்டில் இரவல் வாங்கிவந்த பொருளைப்போல வளர்ந்தான். பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும், ஒருநாள் திருப்பிக் கொடுக்க வேண்டும். மரம் ஏறக்கூடாது. கிரிக்கெட் பந்து பட்டு உதடு கிழிந்தபோது, "மாதாவுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?" என்று அவனை அடித்தாள். பங்குக் கோயிலில் அத்தனை பேரும் அவனைச் 'சின்ன ஃபாதர்' என்று கூப்பிட்டார்கள். பூசையில் மணியடிக்கும் வேலையை ஏழு வயதிலேயே கொடுத்தார்கள். இன்டர்மீடியட் முடித்ததும் அவன் குருமடத்துக்குப் போனான். போக விருப்பமா என்று அவனை யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. நானும் கேட்கவில்லை. அவன் அறை எனக்குக் கிடைக்கும் என்பதில் குறியாக இருந்தேன். ஐந்து வருஷம் அங்கே இருந்துவிட்டு, 'நான் என் விருப்பத்தில் வரவில்லை' என்று குருமட அதிபரிடம் போய் அவனாகவே சொல்லியிருக்கிறான். அவர் ஆசீர்வதித்து அனுப்பிவைத்தார்.

என் கடைசிப் பரீட்சை முடிந்த அன்று அம்மா மீன் குழம்பு வைத்திருந்தாள். நான் இரண்டாவது முறை சோறு போட்டுக்கொண்டபோது சொன்னாள். "நம்ம கோயில் பெரிய சிஸ்டர்கிட்ட பேசிட்டேன். நாச்சாரத்துல அவிய மடத்துல பத்து நாள் முகாமாம். கன்னியாஸ்திரி ஆவப்போற பிள்ளைகளுக்கு உள்ள அழைத்தல் முகாம். உன் பேரக் குடுத்துருக்கேன்."

கரண்டியைச் சட்டிக்குள்ளேயே போட்டேன். "எதுக்கு?"

"அவன் வந்துட்டாம்லா. மாதாவுக்கு வாக்குக் குடுத்தது குடுத்ததுதான். அவன் இல்லேன்னா நீ."

"நக்கோ அம்மா!" என்று கத்தினேன். எங்களுக்கு எரிச்சல் முற்றினால் தமிழ் கைவிட்டுப்போய் ஹைதராபாத் வந்துவிடும். அவளும் இத்தனை வருஷத்தில் 'வேண்டாம்' என்னும் இந்த 'நக்கோ'வுக்கு மட்டும் நன்றாகப் பொருள் தெரிந்துவைத்திருந்தாள். "நக்கோவும் கிடையாது, கிக்கோவும் கிடையாது. சாப்பிடு" என்றாள். அப்பாவைப் பார்த்தேன். அவர் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, "அது உங்க அம்மாவுக்கும் மாதாவுக்கும் உள்ள பேச்சு. என்னை நடுவில இழுக்காதீங்க" என்றார். அண்ணனைப் பார்த்தேன். அவன் தலை நிமிரவே இல்லை. அன்றைக்கு அவன்மேல் வந்த கோபத்தைப்போல் வேறு யார்மேலும் எனக்கு வந்ததில்லை. ஐந்து வருஷம் கழித்து வீட்டுச் சாப்பாடு, எட்டு மணிவரை தூக்கம், டியூஷன் சென்டரில் இயற்பியல் சொல்லித்தரும் வேலை என்று அவன் நிம்மதியாகத் திரிந்தான். அவன் கழற்றிப் போட்டதை என் தலையில் மாட்டப்போகிறார்கள்.

நான் விசுவாசம் இல்லாதவள் அல்ல என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். அதுதான் என்னை அதிகம் படுத்தியது. கல்லூரியில் கத்தோலிக்க மாணவியர் குழுவில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சின்னப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுத்தேன். பாதி தெலுங்கு, பாதி ஆங்கிலம், ஜெபம் மட்டும் தமிழ். பெரிய வெள்ளியன்று செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் போய்ச் சிலுவையின் பாதத்தை முத்தமிடும்போது, எனக்கு முன்னால் அந்த மரத்தில் உதடு வைத்துப்போன அத்தனை பேரும் என்னோடு நிற்பதுபோல் இருக்கும். தவக்காலத்துச் சிலுவைப்பாதைக்கு நானாகவே போவேன். யாரும் என்னைத் தள்ளவேண்டியதில்லை. ஆனால் அம்மா முடிவெடுத்த நாளிலிருந்து நான் எதைச் செய்தாலும் அது அடையாளமாகிவிட்டது. பேசாமல் உட்கார்ந்திருந்தால், "பாத்தீங்களா, தியானம்." வெள்ளைத் துப்பட்டா போட்டால், "அவளுக்கே தோணுது." வயிறு சரியில்லாமல் கோழி வேண்டாம் என்றால் ஊருக்குப் போன் போட்டுப் பெரியம்மாவிடம் சொன்னாள். பெரியம்மா பதிலுக்கு வாட்ஸப்பில் கன்னியாஸ்திரிகளின் படங்களை அனுப்பினாள். ஒவ்வொன்றின் கீழும் கூப்பிய கைகள். நான் கோயிலுக்குப் போவதையே குறைத்துக்கொண்டேன். என் ஜெபத்தை ஒருத்தி பக்கத்திலிருந்து எண்ணிக்கொண்டிருக்கிறாள் என்ற நினைப்பிலேயே எனக்கு ஜெபம் வரவில்லை. கடவுள் உண்மையிலேயே என்னைக் கூப்பிட்டாலும், அம்மாவின் சத்தத்தில் எனக்கு எப்படிக் கேட்கும்?

கடைசியில் முகாமுக்குப் போனேன். போய்வந்துவிட்டால் வாயை மூடுவாள் என்பதுதான் காரணம். நாச்சாரத்தில் தொழிற்சாலைகளுக்குப் பின்னால், ஒரு பெயிண்ட் கம்பெனியின் மதிலை ஒட்டி அந்த மடம் இருந்தது. வாசலில் இறங்கியதும் ரசாயன நெடி மூக்கில் ஏறும். ஷிஃப்ட் மாறும்போது சங்கு ஊதும், ஜெபம் பாதியில் நிற்கும். உள்ளே சிஸ்டர்கள் தெருவிலிருந்து கூட்டிவந்த பெண்களை வைத்துப் பராமரித்தார்கள். மனநிலை பிறழ்ந்தவர்கள், ரயில் ஏறி எங்கோ இறங்கி ஊர் மறந்தவர்கள், தன் பெயரே தெரியாதவர்கள். முகாம் என்றால் பாட்டும் பிரசங்கமும் இருக்கும் என்று நினைத்திருந்தேன். காலைப் பூசை முடிந்ததும் கையில் பேன்சீப்பைக் கொடுத்தார்கள். தலை சீவுவது, விரிப்புத் துவைப்பது, ஊட்டிவிடுவது, ஊட்டியதைத் துப்பினால் துடைப்பது. கன்னடம் மட்டும் பேசிய ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டாள். ஒரு கையால்தான் அவளுக்குச் சோறு பிசைய வேண்டும்.

எனக்கு அந்த இடம் பிடித்துப்போனது. எரிச்சலின் உச்சம் அதுதான். மூன்றாம் நாளே அவர்களில் யார் எப்போது கத்துவார்கள், யாருக்குப் பருப்பு பிடிக்காது என்றெல்லாம் எனக்குத் தெரிந்துவிட்டது. சாயங்காலம் கொல்லைக் குழாயில் கை கால் கழுவும்போது, பகல் முழுவதும் என்னைப் பற்றி நினைக்கவே இல்லை என்பது உறைக்கும். அது ஒரு சுகம். ஆனால் அந்தச் சுகத்தை அனுபவிக்கவும் முடியவில்லை. 'பாத்தியா, நான் சொன்னேம்லா' என்ற குரல் காதுக்குள்ளேயே இருந்தது.

மடத்துத் தலைவி கேரளத்துக்காரர். எல்லோரும் மதர் என்போம். முகாம் முடிவதற்கு முந்தைய நாள் என்னை அறைக்குக் கூப்பிட்டார். "மோளே, உனக்கு இந்த வேலை வருது. நான் பார்த்தேன். நீ எதுக்கு இங்க வந்தே, அதைச் சொல்லு" என்றார். நான் எல்லாவற்றையும் கொட்டினேன். காய்ச்சல், நேர்ச்சை, தகரப் பெட்டி, மீன் குழம்பு. அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. "இங்க ஆள் வேணும், வாஸ்தவம்தான். ஆனா வேற ஒருத்தரோட பயத்துக்குப் பதிலா வர்ற ஆளை நான் சேர்க்க மாட்டேன்" என்றார். பிறகு, "உங்க அம்மா எதுக்குப் பயப்படறாங்கன்னு நீ கேட்டியா?" என்றார்.

கேட்கவில்லை. அம்மா பயப்படுகிற ஆள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. போவன்பள்ளி மார்க்கெட்டில் மூட்டை வியாபாரிகளோடு அரைகுறைத் தெலுங்கில் சண்டை போட்டு ஜெயித்து வருகிறவள் அவள்.

வீட்டுக்கு வந்த பிறகு பார்க்கத் தொடங்கினேன். அண்ணன் டியூஷனுக்குக் கிளம்பும் நேரத்தில் ஸ்கூட்டர் சாவி தினமும் காணாமல் போனது. தேடி அலுத்து அவன் பஸ்ஸில் போவான். அவன் போனதும் சாவி அரிசி டப்பாவிலிருந்து வெளியே வரும். அவன் குடிக்கும் தண்ணீரில் மட்டும் மந்திரித்த தீர்த்தம் ரெண்டு சொட்டு விழுந்தது. வெயிலில் வந்து தலை வலிக்கிறது என்று அவன் ஒரு வார்த்தை சொன்னால், அம்மாவின் கையிலிருந்த கரண்டி நின்றுவிடும். காலையில் அவன் தூங்கிக்கொண்டிருக்கையில் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டுப் போவாள். இதையெல்லாம் நான் முன்பே பார்த்திருந்தேன். மகனுக்கு மட்டும் செல்லம் என்று பல்லைக் கடித்திருந்தேன். அண்ணனிடம் சொன்னேன். அவன் நெற்றியைத் தடவிக்கொண்டான். பிறகு, "நான் வந்ததுக்கு மாதா என்னைத் திரும்ப எடுத்துக்குவாங்கன்னு நினைக்கிறா" என்றான். "அதுக்குத்தான் உன்னை அனுப்பப் பார்க்கிறா."

"அப்ப நான் போனா பரவாயில்லையா?" என்றேன். இப்போது நினைத்தாலும் நியாயமான கேள்வியாகத்தான் படுகிறது. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமையே தமிழ்ப் பூசை முடிந்ததும் அவன் அம்மாவின் கையைப் பிடித்துப் பங்குத்தந்தையின் அறைக்குக் கூட்டிப்போனான். நானும் பின்னால் போனேன்.

எங்கள் பங்குத்தந்தை தெலுங்கர். எங்களுக்காகத் தமிழ் கற்றுக்கொண்டு, ழகரத்தை லகரமாக்கி, ஆனால் ஒரு சொல் விடாமல் பூசை வைப்பவர். அண்ணன் தன் கதையைச் சுருக்கமாகச் சொன்னான். ஃபாதர் அம்மாவைப் பார்த்து, "அம்மா, ஒருத்தர் வாழ்க்கைய இன்னொருத்தர் நேர்ந்துக்க முடியாது. அது செல்லாது" என்றார். அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. எங்கள் ஊர் வழக்கப்படி அவள் குருவானவரைச் சாமி என்றுதான் கூப்பிடுவாள்.

"செல்லாதுன்னா எப்பிடி சாமி? நான் கேட்டேன், மாதா தந்தா. இவன் கண்ணு தொறந்தாம்லா? அது செல்லிச்சே!"

அவள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். அப்புறம் மெதுவாக, எங்களைப் பார்க்காமல், மேஜையைப் பார்த்துச் சொன்னாள். "நான் வாக்கு மாறுனா இவனுக்கு என்னமும் ஆயிருமோன்னு இருக்கு சாமி. இவன் வாசல் தாண்டுனா திரும்பி வருதவரைக்கும் எனக்கு உசுரு இல்ல."

அத்தனை மாதம் நான் அவளோடு போட்ட சண்டையில் இந்த ஒரு வரியை அவள் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் என்னவாம் என்று அந்த இடத்திலும் எனக்குக் கோபம்தான் வந்தது. ஃபாதர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "நீங்க மகனைக் குடுத்தீங்க. கடவுள் வாங்கிக்கிட்டாரு. அஞ்சு வருஷம் வெச்சிருந்து, வீட்டுக்குப் போன்னு அவரே அனுப்பிட்டாரு. நீங்க ஏன் வேற ஒண்ணைக் கட்டி அனுப்பறீங்க?" என்றார். பிறகு சொன்னார். "உங்களுக்கு மனசு ஆறலைன்னா, நேர்ச்சையை மாத்தித் தர எனக்கு அதிகாரம் இருக்கு. மாத்தறேன். இனிமே வியாழக்கிழமை வியாழக்கிழமை நீங்க நாச்சாரம் போய் அந்தப் பொம்பளைங்களுக்கு வேலை செய்யுங்க. உடம்புல தெம்பு இருக்கறவரைக்கும்."

"நானா?" என்றாள் அம்மா. உண்மையிலேயே அதிர்ந்துபோனாள். "எனக்கு முட்டு வலி சாமி. ரெண்டு பஸ் மாறணும்."

"உங்க பிள்ளைங்ககிட்ட நீங்க கேட்டது முழு வாழ்க்கை. நான் கேக்கறது வியாழக்கிழமை."

நான் சிரித்துவிட்டேன். அம்மா என்னை முறைத்தாள். பிறகு ஃபாதரிடம், மாற்றிக்கொடுத்ததை எழுதித் தரவேண்டும் என்றாள். அவர் விளையாட்டு என்று நினைத்தார். அவள் எழுந்திருக்கவில்லை. கடைசியில் பங்கின் லெட்டர்பேடில் நாலு வரி எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். அண்ணனை மூன்று முறை படித்துக்காட்டச் சொன்ன பிறகே வீட்டுக்கு வந்தாள்.

முதல் வியாழன் அவள் திரும்பி வந்தபோது புடவையெல்லாம் பருப்புக் கறை. ஒருத்தி தட்டை முகத்தில் எறிந்திருக்கிறாள். "இதுக்குப் பதிலா மாதாவே என்னக் கொண்டுபோயிருக்கலாம்" என்று குளியலறையில் இருந்தபடியே கத்தினாள். அதோடு நிறுத்திவிடுவாள் என்று நானும் அண்ணனும் பேசிக்கொண்டோம். அடுத்த வியாழன் பழைய புடவையைக் கட்டிக்கொண்டு போனாள். மூன்றாம் வாரம் மடத்துச் சமையலறைக்குள் நுழைந்துவிட்டாள். அங்கே ஆரம்பித்தது எங்கள் தலைவலி. ரசத்தில் புளி போதவில்லை, கத்தரிக்காய் சொத்தை, சோறு குழைகிறது. போவன்பள்ளிக்குத் தானே போய்க் காய் எடுத்துவருவேன் என்று அப்பாவை விடியற்காலையில் ஸ்கூட்டரோடு கிளப்பினாள். அதுவரை எதிலும் தலையிடாத மனிதர், முன்னால் முட்டைக்கோஸ் மூட்டையும் பின்னால் மனைவியுமாக நாச்சாரம் போனார். சமையலறை சிஸ்டர் ஆந்திரக்காரர். அவருக்கும் அம்மாவுக்கும் காரத்தைப் பற்றி மூண்ட சண்டை இன்றுவரை முடியவில்லை. மதர் எனக்குப் போன் செய்து, "மோளே, நீயே வந்திருக்கலாம்" என்றார். விளையாட்டுக்குத்தான் சொன்னார். ஆனால் அந்தச் சொல் எனக்குள் கொஞ்ச நாள் கிடந்தது. அம்மா தள்ளாமல் இருந்திருந்தால் நானாகவே போயிருப்பேனோ என்று எனக்கு இன்னும் தெரியாது. அந்தக் கேள்வியைக்கூட எனக்கென்று விட்டுவைக்காமல் அவள் எடுத்துக்கொண்டாள் என்பதை நான் முழுசாக மன்னித்துவிட்டேன் என்று சொன்னால் பொய்.

இதெல்லாம் நடந்து பல வருஷம் ஆகிறது. அண்ணன் இப்போது பள்ளிக்கூட வாத்தியார், கல்யாணமாகிவிட்டது. நான் ஐடி கம்பெனியில் வேலை பார்க்கிறேன். எனக்கும் கல்யாணமாகி, போன வருஷம் குழந்தை பிறந்தது. பிறந்தது என்று சாதாரணமாக எழுதிவிட்டேன். ஏழாம் மாதத்திலேயே வலி வந்து, உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி ஒரு பெண் பிள்ளையை எடுத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். மூக்கில் குழாய், நெஞ்சில் ஒயர்கள். மூன்று நாள் போனால்தான் எதையும் சொல்ல முடியும் என்றார் டாக்டர். வீட்டுக்காரர் பில்லுக்கும் மருந்துக்கும் மாடி ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். இரண்டாம் நாள் வியாழக்கிழமை. அம்மா காலையில் வந்து பார்த்துவிட்டு, "நான் நாச்சாரம் போயிட்டு சாயங்காலம் வாறேன்" என்று கிளம்பிவிட்டாள். என் பிள்ளை உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கிறது, இவளுக்கு அங்கே ரசம் வைக்க வேண்டும். எனக்கு வந்த ஆத்திரத்தில் தையல் போட்ட வயிறு வலித்தது. இனி இவளோடு பேச்சே இல்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

சாயங்காலம் சக்கர நாற்காலியில் என்னைப் பிள்ளையிடம் கூட்டிப்போனார்கள். ஒரு இயந்திரம் கீச்சிட்டது. நர்ஸ் ஓடிவந்து ஏதோ செய்தாள், சத்தம் நின்றது. ஒரு நிமிஷம்கூட இருக்காது. ஆனால் அந்த நேரத்தில் பிள்ளையின் நெஞ்சு அசையாமல் இருந்ததை நான் பார்த்தேன். என் இரண்டு கையும் தானாகக் கூடிக்கொண்டன. நான் யோசித்துச் செய்யவில்லை. இத்தனை காலம் எதை எதிர்த்தேனோ அதெல்லாம் எனக்கு நினைவிலேயே இல்லை. வாய்விட்டே சொன்னேன். "மாதாவே, இவளப் பொழைக்க வெச்சுக் குடு. நான் இவள உனக்கு..."

ஒரு கை என் வாயைப் பொத்தியது. சொரசொரப்பான கை, பினாயில் வாடை. அம்மா எப்போது வந்து பின்னால் நின்றாள் என்று தெரியவில்லை.

"வாய மூடு" என்றாள். "கேளு. குடு, குடுன்னு நாள் பூரா கேளு. இவளத் தாறேன்னு மட்டும் சொல்லாத. இவ என்ன உன் கழுத்துச் செயினா, கழத்திக் குடுக்க?"

நான் அவள் கையைத் தள்ளிவிட்டு அழுதேன். "நீ அன்னிக்குச் சொன்னேல்ல? நீ மட்டும் சொல்லலாமா?" என்று கேட்டேன். அத்தனை அழுகையிலும் அவளை மடக்கவேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது. அவள் சண்டைக்கு வரவில்லை. பிள்ளையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மாஸ்க்குக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன.

"சொன்னேன்" என்றாள். "பாஷ தெரியாத ஊரு. உங்க அப்பா மருந்து வாங்கப் போயிருந்தாவ. அன்னிக்கு என் வாயப் பொத்த ஆளு இல்லாமப் போச்சு."

நர்ஸ் வந்து, நேரமாகிவிட்டது, ஒருவர்தான் இருக்கலாம் என்று தெலுங்கில் சொன்னாள். அம்மா அவளிடம், தான் இருக்கப்போவதாகவும், வேண்டுமானால் என்னை அறையில் கொண்டுபோய்ப் படுக்கவைக்கும்படியும், தனக்கே உரிய தெலுங்கில் வாதாடத் தொடங்கினாள்.